நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்குவது ஏன்?

வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேட்டரியைப் பற்றியவை. ஓடும்போது ஒரு குறையும் இல்லாத கார், நிறுத்திவைத்தால் மட்டும் மறுநாள் முரண்டு பிடிக்கிறது என்பதே பலருடைய புகார். டயர், கிளட்ச் பற்றிக் கேட்டவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, தினமும் ஓட்டினால் காரில் பிரச்சினை இல்லை. சனி, ஞாயிறு நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. மூன்றாவதும் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மீட்டர் வைத்து அளக்கும்வரை மாற்றாதீர்கள். ஓராண்டில் இரண்டு பேட்டரி அடுத்தடுத்து போகிறது என்றால் குற்றம் பேட்டரியிடம் இருப்பது அபூர்வம். ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார் பேட்டரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை. செல்ஃப் மோட்டாருக்குச் சில நொடிகள் பெரும் மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. முழுதாக இறங்கி அப்படியே கிடந்தால் தகட்டில் ஈய சல்ஃபேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. ஆகவே நல்ல பேட்டரியாகவே வந்து, உங்கள் காரில் ஏதோ ஒன்று அதைத் திரும்பத் திரும்ப உறிஞ்சியதால் கெட்டுப்போனவையாகத்தான் அந்த இரண்டும் இருக்க வேண்டும்.

சந்தேகப்பட மூன்று இடங்கள் உண்டு. ஓடும்போது ஒழுங்காக நிரம்பவில்லை. நிற்கும்போது கார் உறிஞ்சுகிறது. அல்லது பேட்டரிக்கு உள்ளேயே கசிவு. முதலாவதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். சில புதிய கார்களில், ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதால் இந்த எண் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். இன்ஜின் ஓடியும் எண் 12.5-ஐத் தாண்டவே இல்லை என்றால்தான் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மற்ற இரண்டையும் பிரிக்க ஓர் இரவு வேண்டும். பேட்டரிக்கு முழு சார்ஜ் போடுங்கள். போட்டு முடித்த உடனே அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டும்; அது மேற்பூச்சு, நம்பாதீர்கள். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்து எழுதிவையுங்கள். முழு பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். பிறகு எர்த் வயரை, அதாவது நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனையில் படாமல் ஒதுக்கி வையுங்கள். காலையில் மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறக்குறைய அப்படியே இருந்தால் பேட்டரி குற்றமற்றது, கார்தான் திருடன். வயரே இல்லாமல் 12.2-க்கு இறங்கியிருந்தால் பேட்டரி உள்ளே போய்விட்டது. சார்ஜ் போட்டும் 10.5 பக்கம் நிற்கிறது என்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். அப்போது மட்டும் புதிது வாங்குங்கள். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு என்ற கணக்கு மனத்தில் இருக்கட்டும். வோல்ட்டில் சிறியதாகத் தெரியும் இறக்கம் சார்ஜில் பெரியது.

கார்தான் திருடன் என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு திருடுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாக் காரும் நிற்கும்போது கொஞ்சம் குடிக்கும். கடிகாரம், அலாரம், சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டுமே. பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நியாயம்; வசதிகள் நிறைந்த சில கார்களில் இன்னும் கொஞ்சம் கூடும். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாவதற்கே இரண்டரை வாரம் ஆகும். உங்களுடையது இரண்டு நாளில் படுத்துவிடுகிறது என்றால் கசிவு அரை ஆம்பியராவது இருக்கும். இவ்வளவு பெரிய கசிவைத் தேடிப் பிடிப்பது கடினமில்லை.

அளக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். மில்லி ஆம்பியர் துளையிலேயே வைத்தால் மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். அதன்பின் மீட்டர் பூஜ்யம் காட்டும், நீங்களும் கசிவே இல்லை என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவையுங்கள். கதவைத் திறந்து, கதவின் பக்கவாட்டில் இருக்கும் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ‘கிளிக்’ கேட்கும்வரை தள்ளுங்கள். கதவு திறந்தே இருக்கும், ஆனால் கார் அது மூடிவிட்டதாக எண்ணி உள்விளக்கை அணைத்துவிடும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்தக் கொக்கியை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து ஓங்கிச் சாத்தினால் பேட்டரியோடு பூட்டு வேலையும் சேர்ந்துகொள்ளும். ரிமோட் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சட்டைப் பையில் இருந்தால் சில கார்கள் தூங்கவே தூங்காது.

இப்போது எர்த் கிளாம்ப்பைத் தளர்த்தி, மீட்டரின் ஒரு முனையைக் கிளாம்ப்பிலும் மறுமுனையைப் பேட்டரி முனையிலும் அழுத்திப் பிடித்தபடியே கிளாம்ப்பை மெல்ல உயர்த்துங்கள். தொடர்பு அறுபடாமல் மின்சாரம் மீட்டர் வழியாகப் போகத் தொடங்கும். தொடக்கத்தில் சில ஆம்பியர்கூடக் காட்டலாம். பதற வேண்டாம். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கப் போகும். எண் படிப்படியாக இறங்கும். இதற்கு 20 நிமிடம், சில கார்களில் 40 நிமிடம், அதற்கு மேலும் ஆகலாம். இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பவர்கள்தான் ஒன்றுமில்லாத காரில் கசிவு கண்டுபிடிக்கிறார்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த மெல்லிய வயர் தாங்காது.

காத்திருந்த பின்னும் 500, 600 மில்லி ஆம்பியர் காட்டுகிறதா? எந்தக் கிளையில் போகிறது என்று ஃபியூஸ் பெட்டியில் தேட வேண்டும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறது என்று பார்ப்பது பழைய வழி. பழைய காருக்கு அது போதும். புதிய காரில் ஒரு ஃபியூஸைத் திரும்பச் செருகினாலே தூங்கிய கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். மறுபடி அரை மணி நேரம் வீண். அதற்கு நான் சொல்லும் வழி வேறு. ஃபியூஸின் முதுகைக் கவனித்தால் பிளாஸ்டிக்கில் இரண்டு நுண்ணிய பள்ளங்களும் அவற்றுள் உலோகமும் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஓடுகிற ஃபியூஸ் சிறிதேனும் காட்டும்: 10 ஆம்பியர் ஃபியூஸில் ஒரு மில்லிவோல்ட் என்றால் 100 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேலே ஓடுகிறது. எதையும் பிடுங்காமல் பெட்டி முழுவதையும் பார்த்துவிடலாம்.

குற்றவாளி ஃபியூஸ் கிடைத்தால், அது எவற்றுக்கெல்லாம் போகிறது என்று கார் கையேட்டைப் பார்த்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். டிக்கி விளக்கு, கிளவ் பாக்ஸ் விளக்கு இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள். ஐந்து வாட் பல்புதானே என்று எண்ணாதீர்கள். அது ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணி தின்னும். மூடிய பெட்டிக்குள் எரிகிறதா என்று எப்படித் தெரியும்? கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள், பிறகு எடுத்துப் பாருங்கள். விளக்குகள் இல்லையென்றால் அடுத்தது ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்ட ரிலே, காரை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்.

கேள்வி: மாலையில் நிறுத்தினால் காலைக்குள் பேட்டரி முழுக்கக் காலி. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். கசிவு தேடும் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஒரு விஷயம் மட்டும் விசித்திரம்: டிரைவர் பக்கக் கால்மிதியில் சிறு பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. சம்பந்தம் இருக்குமா?

பதில்: அம்மா, நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். அந்தத் துணுக்குகளை எறிந்துவிடாதீர்கள். பிரேக் பெடலின் தண்டில், மேலே, ஒரு சிறு துளையில் பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று செருகியிருக்கும். பெடல் மேலே இருக்கும்போது அந்தப் பொத்தான்தான் பிரேக் லைட் சுவிட்சின் முனையை அழுத்திக்கொண்டு விளக்கை அணைத்துவைக்கிறது. வயதானால் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகி உதிரும். உதிர்ந்ததும் சுவிட்சின் முனை அந்தத் துளைக்குள் நுழைந்துவிடும். யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று கார் நினைத்துக்கொள்ளும். 21 வாட் பல்பு இரண்டு விடிய விடிய எரிந்தால் மணிக்கு மூன்றரை ஆம்பியர்-மணி. காலைக்குள் காலியாகாமல் என்ன செய்யும்?

இன்றிரவு காரைப் பூட்டிய பின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் இதுதான். அந்தப் பொத்தான் உதிரி பாகமாகக் கிடைக்கும், விலை அற்பம். வாங்கும்வரை துளையில் அளவான ஒரு போல்ட்டையும் நட்டையும் மாட்டி, போல்ட்டின் தட்டையான தலை சுவிட்ச் பக்கம் இருக்கும்படி முடுக்கிவிட்டால் தற்காலிகத்துக்குப் போதும். மாட்டியபின் பெடல் முழுதாக மேலே வருகிறதா, மிதித்தால் விளக்கு எரிகிறதா என்று இரண்டையும் சோதித்த பிறகே காரை எடுங்கள்.

கேள்வி: புதிதாக மியூசிக் சிஸ்டமும் முன்பக்கக் கேமராவும் பொருத்தினேன். அதிலிருந்துதான் தொல்லை. பொருத்தியவரோ அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்கிறார்.

பதில்: அவர் அப்படித்தான் சொல்வார். மியூசிக் சிஸ்டத்தில் பெரும்பாலும் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்கும், நினைவகத்துக்காக. சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெற வேண்டும். அவசரக்காரர்கள் இரண்டையும் முறுக்கி மஞ்சளோடு சேர்த்துவிடுகிறார்கள். திரை இருட்டாகிவிடும், உள்ளே பெட்டி விழித்தே இருக்கும். சாவியை எடுத்த பிறகு சிவப்பு வயரில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதை இயங்கச் சொல்லும் ரிமோட் வயரையும் அதேபோல் பாருங்கள்.

கேமராவில் பார்க்கிங் கண்காணிப்பு என்ற வசதி இருந்தால் அது இரவெல்லாம் ஓடும். இணைப்புப் பெட்டியில் குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே தானாக நிறுத்தும் அமைப்பு இருக்கும், அதை 11.8-ல் வைக்காமல் 12.2 அளவில் வையுங்கள். 11.8-ல் நிற்பது, திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சோதனை சாக்கெட்டில் கார் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஏதேனும் செருகியிருந்தால் அதையும் பிடுங்கிப் பாருங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடி எல்லா ஃபியூஸையும் பிடுங்கிப் பார்த்துவிட்டேன். மீட்டர் 400 மில்லி ஆம்பியரிலேயே நிற்கிறது. மீட்டர் பொய் சொல்கிறதா?

பதில்: மீட்டர் உண்மைதான் சொல்கிறது. ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத தடித்த வயர்களும் காரில் உண்டு. ஒன்று செல்ஃப் மோட்டாருக்கு, மற்றொன்று ஆல்டர்னேட்டருக்கு. உங்கள் விஷயத்தில் நான் ஆல்டர்னேட்டர் மேல்தான் கை வைப்பேன். அது உற்பத்தி செய்வது மாறுதிசை மின்சாரம். உள்ளிருக்கும் டயோடுகள் அதை நேர்த்திசைக்கு மாற்றுகின்றன. இன்ஜின் நின்றதும் பேட்டரியின் மின்சாரம் பின்னோக்கிப் போகாமல் தடுப்பவையும் அவைதான். டயோடு கெட்டால் தடுப்பு போய்விடும். வேடிக்கை என்னவென்றால் மற்ற டயோடுகள் வேலை செய்வதால் ஓடும்போது வோல்ட் சரியாகவே காட்டக்கூடும். அதனால்தான் ‘டைனமோ நன்றாக இருக்கிறது’ என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இரும்பெல்லாம் குளிர்ந்திருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இல்லாவிட்டால் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனைகளில் அளங்கள்; அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு மேல் சந்தேகம் உறுதியாகிறது. கடைசிச் சோதனை: பேட்டரி எர்த்தை முழுதாகக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயரின் நட்டை எடுத்து, வயர் முனையைத் துணியாலோ டேப்பாலோ சுற்றி ஒதுக்குங்கள். மறுபடி மீட்டரை இணைத்துப் பார்த்தால் 400 காணாமல் போயிருக்க வேண்டும். எர்த்தைக் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பேனர் வைத்தால், ஸ்பேனர் இன்ஜினில் பட்ட இடத்தில் பொறி பறக்கும்.

டயோடு தட்டை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருந்தால் அதுவே போதும். பேரிங்கும் சத்தம் போட்டால் முழு ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றினால், ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. கார்புரேட்டர் காலத்து வித்தை அது. பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறும். இன்ஜின் கம்ப்யூட்டர் முதல் மியூசிக் சிஸ்டம் வரை எது வேண்டுமானாலும் பொசுங்கலாம். போதாக்குறைக்கு, சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதன் பக்கத்தில் நீங்கள் தீப்பொறி உண்டாக்குகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு மல்டிமீட்டர் வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் வெளியூர் போகிறோம். வாரம் ஒருமுறை உறவினர் வந்து பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதுமா?

பதில்: போதாது, பெட்ரோலும் வீண். நிற்கும் இடத்தில் மெதுவாக ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் முழுதாகக் கொடுப்பதில்லை. இன்ஜினும் சரியாகச் சூடேறாததால் எண்ணெயில் ஈரம் தங்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டிவருவார் என்றால் சரி.

கணக்குப் பாருங்கள். கசிவே இல்லாத நல்ல காரும் 40 மில்லி ஆம்பியர் குடித்தால் மூன்று மாதத்தில் 86 ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரி அதில் பாதிதான் இருக்கும். ஆகவே எர்த் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். தனியாக இருக்கும் பேட்டரி மாதத்துக்குச் சில சதவீதம் மட்டுமே தானாக இழக்கும். வெயிலில் நின்றால் இன்னும் கொஞ்சம். கழற்றும் முன் இரண்டு விஷயங்கள்: கதவைச் சாவியால் கையாலேயே திறக்க முடிகிறதா என்று பாருங்கள். பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கி பொத்தானால் மட்டும் திறக்கும் வகை என்றால், கழற்றிய பின் டிக்கியை மூடிவிடாதீர்கள். திரும்பி வந்து மாட்டும்போது கடிகாரமும் ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி அமைப்பும் மறந்துபோயிருக்கும். கையேட்டில் சொல்லியபடி மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டில் மின் இணைப்புக்குப் பக்கத்தில் கார் நிற்கிறது என்றால், நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் இன்னும் நல்லது.

கேள்வி: என்னுடையது மின்சாரக் கார். பெரிய பேட்டரி முக்கால் பங்கு நிரம்பியிருந்தும் கார் விழிக்கவே இல்லை. எப்படி?

பதில்: மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர் ஆகியவை அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை இணைக்கும் காண்டாக்டரை இழுத்துப் பிடிப்பதும் அந்தச் சிறிய பேட்டரிதான். அது படுத்துவிட்டால் பெரியது எவ்வளவு நிரம்பியிருந்தும் பயனில்லை. அதன் வோல்ட்டை அளந்து, இறங்கியிருந்தால் அந்த வகைக்கு ஏற்ற சார்ஜரால் ஏற்றுங்கள். கைப்பேசிச் செயலியைத் திறந்து திறந்து காரின் நிலையைப் பார்க்கும் வழக்கம் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதைத் தட்டி எழுப்புகிறீர்கள். அந்தச் சிறிய பேட்டரி எங்கே இருக்கிறது, அவசரத்துக்கு எந்த முனையில் மின்சாரம் கொடுக்கலாம் என்பது கையேட்டில் இருக்கும். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள்.